கானா தமாலேயில் ஒரு செமஸ்டர்: ஷியா பட்டர் மகளிர் குழுவுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

மதுரை_அக்ரி

வேளாண் வணிகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வரும் செமஸ்டர் பரிமாற்ற மாணவியாக வட கானாவுக்கு, தமாலேயில் இருக்கும் யு.டி.எஸ். (University for Development Studies) பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். செப்டம்பர் தொடக்கம் முதல் டிசம்பர் நடு வரை. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. மீதி நாட்களில், நகரத்துக்கு வெளியே ஷியா பட்டர் (ஷியா மரக் கொட்டையின் பருப்பிலிருந்து வரும் கெட்டிக் கொழுப்பு) எடுக்கும் ஒரு மகளிர் குழுவோடு வேலை செய்ய ஏற்பாடாகியிருக்கிறது. இதற்குக் கிரெடிட் உண்டு, கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டும்.

குழுவில் 24 பேர். பருப்பைச் சந்தையில் வாங்குகிறார்கள், வறுத்து, ஊர் மில்லில் அரைத்து, கையால் பிசைந்து எடுக்கிறார்கள். கொஞ்சம் உள்ளூரில் விற்கிறது, மீதியைத் தலைநகர் அக்ராவிலிருந்து வரும் ஒரு வியாபாரி எடுக்கிறார். ஒவ்வொரு முறையும் "தரம் சரியில்லை" என்று சொல்லி விலையை இறக்குகிறாராம்.

எங்கள் துறையில் சொல்லும் யோசனை லோகோ, லேபிள், இன்ஸ்டாகிராம், நேரடி ஏற்றுமதி. மூன்றரை மாதத்தில் அதெல்லாம் நடக்குமா? நடந்தாலும் நான் கிளம்பிய பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? அங்கே வேலை செய்தவர்கள், எண்ணெய்த் தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதில் கை வைக்கலாம், எதைத் தொடவே கூடாது? விசா, தடுப்பூசி பற்றியும் தெரிந்தால் நல்லது.

செக்கடி

லோகோவை ஒதுக்கி வையுங்கள். வியாபாரி "தரம் சரியில்லை" என்கிறாரே, அது உண்மையா, விலை இறக்கும் தந்திரமா என்று முதலில் தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க உங்களால் முடியும், குழுவால் இப்போது முடியாது. உங்கள் செமஸ்டரின் மதிப்பே அதில்தான்.

ஷியா பட்டரில் வாங்குபவர் பார்ப்பது முக்கியமாக மூன்று: கட்டுறாக் கொழுப்பு அமிலம் (கொழுப்பு உடைந்து பிரிந்த அமிலம்), பெராக்சைடு எண் (காற்று பட்டுக் காறிய அளவு), ஈரம். முதல் தரம் என்றால் கொழுப்பு அமிலம் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 3 சதவீதத்தைத் தாண்டினால் அழகுப்பொருள் கம்பெனிக்காரர் பெரும்பாலும் தொடமாட்டார். ஊர்ச் சமையலுக்குப் போகும்.

இந்த மூன்றும் எங்கே கெடுகின்றன என்று பார்ப்போம்.

கொழுப்பு அமிலம் ஏறுவது பெரும்பாலும் பருப்பில், அதாவது பட்டர் எடுப்பதற்குப் பல மாதம் முன்பே. பழம் ஏப்ரல், மே மாதங்களில் விழத் தொடங்கி ஆகஸ்ட் வரை விழும். மழைக்காலம் அது. பொறுக்கிய கொட்டையைச் சதை நீக்கி ஓரிரு நாளில் வேகவைக்க வேண்டும், 30 முதல் 45 நிமிடம். வெந்தால் கொழுப்பை உடைக்கும் நொதி செத்துவிடும், கொட்டையும் முளைவிடாது. குவியலாகப் போட்டு, ஒரு வாரம் கழித்து வேகவைத்தால் பாதிக் கொட்டை அதற்குள் முளை கட்டியிருக்கும். அதன்பிறகு எவ்வளவு சுத்தமாகப் பிசைந்தாலும் பயனில்லை. கொழுப்பு அமிலம் தண்ணீரில் கழுவினால் போகாது.

வேகவைத்ததை வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்து, பருப்பை ஈரம் 7 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை மறுபடி காயவைக்க வேண்டும். மழை விடாவிட்டால் அடுப்புக்கு மேலே புகையில் வாட்டுவார்கள். புகை பட்ட பருப்பில் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் (புகையில் இருக்கும் நச்சுப் பொருட்கள்) ஏறும், ஐரோப்பிய வாங்குபவர் சோதனையில் அப்படியே திருப்பிவிடுவார். சாக்கிலும் விஷயம் இருக்கிறது. பிளாஸ்டிக் இழைச் சாக்கில் ஈரம் வெளியேறாமல் பூஞ்சை பிடிக்கும், சணல் சாக்குதான் சரி.

நீங்கள் போகும் செப்டம்பரில் பொறுக்கும் காலம் முடிந்திருக்கும். இந்த வருடப் பருப்பை வேகவைக்க நீங்கள் கற்றுக்கொடுக்க முடியாது. எனவே வாங்குமிடத்தில் பிரிப்பதுதான் இப்போது கையில் உள்ள கருவி. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கைப்பிடி எடுத்து, 50 பருப்பை இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே கறுத்தது, பூஞ்சை பிடித்தது, முளை விட்டது, புழு துளைத்தது என்று எண்ணி எழுதுங்கள். 50-ல் 5-க்கு மேல் கெட்டது வந்தால் அந்த விற்பனைக்காரரிடம் விலை குறைத்துக் கேளுங்கள், அல்லது வாங்காதீர்கள். 5 என்பது நான் சொல்லும் தொடக்கக் கோடு. இரண்டு மூன்று சோதனை செய்தபின் குழுவே தன் கோட்டை வைத்துக்கொள்ளும்.

இனித் தயாரிப்பு. கழுவிக் காயவைத்த பருப்பை நொறுக்கி, டிரம்மில் வறுப்பார்கள். சூட்டைப் பொறுத்து அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். வறுவல் குறைந்தால் எண்ணெய் பிரியாது. கூடினால் பட்டர் கறுத்து, தீய்ந்த வாடை அடிக்கும். நல்ல பதத்தில் நொறுக்கு முழுக்க ஒரே சாக்லேட் நிறமாகி, மேற்பரப்பில் எண்ணெய் மினுக்கும். டிரம்மில் கொள்ளளவுக்கு மேல் அடைத்தால் வெளிப்பக்கம் கரிந்து நடுவில் பச்சையாக நிற்கும். இதுதான் அதிகம் நடக்கும் தவறு, ஏனென்றால் விறகு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள்.

அரவை நைசாக இருக்க வேண்டும். இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்தால் மணல் உணர்வு வரக்கூடாது. வந்தால் மில் தகடு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், எண்ணெய் சக்கையோடு போய்விடும். அதே மில்லில் மக்காச்சோளம், மிளகாய் அரைத்திருந்தால் முதலில் வரும் மாவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பிசைதல்தான் கடினமான வேலை. மாவில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கையால் அடித்துப் பிசைவார்கள். தயிர் கடையும்போது வெண்ணெய் திரள்கிற மாதிரி, கரும்பழுப்பு மாவு மெல்ல வெளுத்து, நுரைத்து, சாம்பல் வெள்ளைக்கு வரும். இருபது நிமிடத்திலும் வரும், முக்கால் மணி நேரமும் ஆகும். தண்ணீர் சூடு கூடினால் திரளாது, ரொம்பக் குளிர்ந்தால் மாவு இறுகிவிடும். இதில் உங்கள் தெர்மாமீட்டரை விட அங்குள்ள மூத்த பெண்களின் கை நம்பகமானது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். வெப்பநிலையை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரண்டதைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பெரிய பாத்திரத்தில் காய்ச்சுவார்கள். இங்கேதான் ஈரப் பிரச்சினை. விறகு தீர்ந்துபோகிறது, இருட்டுகிறது என்று சீக்கிரம் இறக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே தங்கும். கொதியின் சடசடப்பு அடங்கி, மேலே தெளிந்த எண்ணெய் நிற்கும்வரை விட வேண்டும். ஒரு கரண்டி எடுத்துத் தனியே சூடாக்கிப் பாருங்கள், தெறித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. தெளிய விட்டு, அடிக்கசடு கலக்காமல் மேலாக முகந்து, காய்ந்த பருத்தித் துணியில் வடிகட்டி, காய்ந்த பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். அலசிய ஈரத்தோடு இருக்கும் பாத்திரத்தில் ஊற்றினால் அத்தனை வேலையும் வீண்.

பட்டர் மணல் மணலாக இருப்பது கெட்டுப்போனதால் அல்ல. மெதுவாகத் தானே ஆறியதால் கெட்டிக் கொழுப்பு மட்டும் முதலில் உறைந்துவிடுகிறது. ஆறும்போது கெட்டியாகும்வரை கிளறினால் சரியாகிவிடும். வியாபாரி இதைக் காட்டி விலை இறக்கினால் நம்பாதீர்கள். மஞ்சள் நிறமும் அப்படித்தான். இயல்பான நிறம் தந்த வெள்ளை. மஞ்சள் பட்டரில் போருட்டுட்டு என்ற வேரின் சாயம் இருக்கும். அது கேட்டு வாங்குபவருக்குச் செய்து கொடுக்கலாம், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணக்கு_வழக்கு

செக்கடி சொன்னது எல்லாம் சரி. அதைக் காசில் போட்டுக் காட்டினால்தான் குழு அசையும். கீழே உள்ள விலைகள் கணக்கு முறைக்காக நான் வைத்தவை. சந்தை விலை மாதத்துக்கு மாதம் மாறும், நீங்கள் போய் உண்மை எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

85 கிலோ பருப்பு மூட்டை ஒன்று, கிலோ 6 சேடி (கானா நாணயம்), மொத்தம் 510. நொறுக்க, வறுக்க, அரைக்க 60. விறகு 50. தண்ணீர் 20. வண்டி 30. அட்டைப்பெட்டி, உள்ளுறை 20. ஆக 690 சேடி. கூலி இன்னும் சேர்க்கவில்லை.

நல்ல பருப்பு, நல்ல அரவை என்றால் 32 சதவீதம் பட்டர் என்று வையுங்கள், 27.2 கிலோ. கிலோ 30-க்கு விற்றால் 816. மிச்சம் 126. மூன்று பேர் இரண்டு நாள் உழைத்திருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 21 சேடி.

அதே மூட்டை கெட்ட பருப்பாக இருந்து 26 சதவீதம் வந்தால் 22.1 கிலோ. விற்று வருவது 663. இரண்டு நாள் உழைத்து 27 சேடி கைவிட்டுப் போகிறது.

விற்பனை விலையை ஒரு சேடி கூட்டிக் கேட்டு வியாபாரியோடு மல்லுக்கட்டினால் மூட்டைக்கு 27 சேடி கிடைக்கும். வடிப்பு, அதாவது பருப்பிலிருந்து வரும் பட்டர், 26 சதவீதத்திலிருந்து 32 ஆனால் 153 சேடி. எதில் நேரம் செலவழிப்பது என்று இந்த இரண்டு எண்ணே சொல்லிவிடும். பல குழுக்களில் இந்தக் கணக்கு யாரும் போடுவதில்லை. பருப்பு ஒரு நாள் வாங்குகிறார்கள், பட்டர் இன்னொரு நாள் விற்கிறார்கள், நடுவில் வீட்டுச் செலவு கலந்துவிடுகிறது.

அளவையும் கவனியுங்கள். பருப்பு கிண்ணக் கணக்கில் விற்கும், தலைதட்டியா கோபுரமாகவா என்பது விற்பவர் கையில். பத்துக் கிண்ணம் எடை போட்டுச் சராசரி எடுத்து வையுங்கள். ஒரு சந்தையின் கிண்ணம் அடுத்த சந்தையின் கிண்ணமாக இருக்காது. எனவே கிண்ண விலையை ஒப்பிடாமல் கிலோ விலைக்கு மாற்றி ஒப்பிடுங்கள். குழுவுக்கென்று 100 கிலோ தொங்கு தராசு ஒன்று வேண்டும். கல்லூரியில் சின்ன நிதி கிடைத்தால் முதலில் வாங்க வேண்டியது இதுதான். சரி பார்க்க எடைக்கல் தேடி அலைய வேண்டாம். காலி கேனை எடை போட்டு, 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி மறுபடி போட்டால் வித்தியாசம் 20 கிலோ வர வேண்டும். வியாபாரி தன் தராசைக் கொண்டுவந்தால் அதையும் இதே கேனால் எல்லார் முன்னாலும் சோதியுங்கள். சண்டை போடத் தேவையே இருக்காது.

நோட்டுப் புத்தகம் ஒன்று, ஒரு மூட்டைக்கு ஒரு வரி. தேதி, யாரிடம் வாங்கியது, மூட்டை எடை, பொறுக்கி எறிந்த எடை, வறுத்தபின் எடை, பட்டர் எடை, விறகு, மில் கூலி, வேலை செய்தவர்கள், விற்ற விலை. பத்துக் கட்டத்துக்கு மேல் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் குழுவில் ஓரிருவர்தான் இருப்பார்கள், அவர்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதாதீர்கள். முதல் மாதம் பக்கத்தில் இருங்கள், அக்டோபர் நடுவுக்குப் பிறகு பேனாவைத் தொடவே கூடாது. அதன்பிறகும் வரிகள் விடாமல் நிரம்பினால் நீங்கள் போன பிறகும் நிரம்பும். எக்செல் உங்கள் அறிக்கைக்கு மட்டும்.

பணம் மொபைலில் வரும், அங்கே மோமோ (மொபைல் பணம்) இல்லாமல் எதுவும் நடக்காது. 2025 ஏப்ரலில் மின்பரிமாற்ற வரியை எடுத்துவிட்டார்கள், ஆனால் கம்பெனியின் கட்டணம் உண்டு, அதைச் செலவில் எழுதுங்கள். வியாபாரி ஒரு உறுப்பினரின் சொந்த எண்ணுக்கு அனுப்பினால் அந்தக் குறுஞ்செய்தியை அன்றைக்கே கூட்டத்தில் உரக்க வாசிக்கும் பழக்கம் வேண்டும். தொகை பெருகினால் மூன்று கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு.

சவன்னா_வாசி

காகித வேலையும் ஊர் நடப்பும் நான் சொல்கிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் முன்கூட்டியே விசா எடுத்துத்தான் போக வேண்டும். இறங்கியபின் மாணவர் தங்கும் அனுமதி, கானா குடிவரவுத் துறையில். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் வழியாகப் போவதுதான் சுலபம். 90 நாளுக்கு மேல் தங்குவதால் வெளிநாட்டவருக்கான கானா கார்டும் (அடையாள அட்டை) வேண்டும். அது இல்லாமல் உங்கள் பெயரில் சிம் பதிவு சிக்கல், சிம் இல்லாமல் மோமோ இல்லை. முதல் வாரமே தொடங்குங்கள். மாணவர் அனுமதியில் இருந்துகொண்டு குழுவிடமோ வியாபாரியிடமோ சம்பளம், கமிஷன் வாங்கக் கூடாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் தேட வேண்டாம், அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் உண்டு. திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தல். வட கானா மூளைக்காய்ச்சல் அதிகம் பரவும் நிலப்பட்டையில் வருவதால் மெனிங்கோகாக்கல் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை எது என்று மருத்துவரைக் கேட்டு, ஊர் திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தச் சோதனை.

ஊருக்குள் நேராகக் குழுவிடம் போய் நிற்காதீர்கள். பெண்களின் தலைவியை அங்கே மகஜியா என்பார்கள். அவர் வழியாக ஊர்த் தலைவரிடம் போய் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும், கோலா கொட்டை கொண்டுபோவது வழக்கம். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால், இது நமக்குச் சொல்லத் தேவையில்லை. பேசுவது டக்பானி. காலையில் "தசிபா" என்று சொன்னால் பதிலுக்கு "நா" என்பார்கள். வணக்கம் சொல்லாமல் வேலைப் பேச்சைத் தொடங்குவது அவமரியாதை.

கூட்டத்தை "ஒவ்வொரு செவ்வாயும்" என்று வைத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது இது. டக்பானி பகுதியில் சந்தை ஆறு நாளுக்கு ஒருமுறை சுழலும். உங்கள் செவ்வாய் ஒரு வாரம் சந்தைக்கு முந்தைய நாளாக இருக்கும், ஒரு வாரம் சந்தை நாளாகவே இருக்கும். அன்றைக்கு ஒருவரும் வரமாட்டார்கள், அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நீங்கள் அறிக்கையில் எழுதுவீர்கள். சந்தைச் சுழற்சியைக் கேட்டு அதன்படி நாள் குறியுங்கள். பெரும்பாலும் முஸ்லிம் ஊர்கள், வெள்ளி மதியம் வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் கடலை, சோளம் அறுவடை. காலை முழுக்க வயலில் இருப்பார்கள்.

மொழிபெயர்ப்புக்கு யு.டி.எஸ். மாணவி ஒருவரைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மாணவர்கள் கிராமங்களில் தங்கிக் களப்பணி செய்வது பாடத்திட்டத்திலேயே உண்டு, ஊர் நடப்பு அவர்களுக்குத் தெரியும். நாள் கூலி கொடுங்கள், அறிக்கையில் பெயரும் போடுங்கள்.

இன்னொன்று. உறுப்பினர்களின் வருமான விவரத்தை ஆய்வுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் அது உதவி அல்ல, ஆராய்ச்சி. இரு பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள். அங்கே போய்க் கேட்டால் அனுமதி வருவதற்குள் டிசம்பர் வந்துவிடும்.

பாதி_விலை

ஏற்றுமதிக் கனவுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு இருபதடி கண்டெய்னர் நிறைய 15 டன்னுக்கு மேல் பட்டர் வேண்டும். மூட்டைக்கு 27 கிலோ என்றால் 555 மூட்டை, அதுவும் ஒரே தரத்தில். 24 பேர் கையால் பிசைந்து எப்போது முடிப்பது? கூட்டமைப்பாகச் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சே.

உலகச் சந்தையில் ஷியாவின் பெரும் பங்கு பருப்பாகவே கப்பலேறி, ஆலையில் பிழியப்பட்டு உணவுக் கொழுப்பாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு சாக்லேட் விதி, கோக்கோ அல்லாத சில தாவரக் கொழுப்பை 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதிக்கிறது, அந்தப் பட்டியலில் ஷியாவும் உண்டு. கையால் எடுத்த பட்டருக்கு அழகுப்பொருள் சந்தைதான். அங்கே 25 கிலோ அட்டைப்பெட்டி, தொகுதி எண், சோதனைத் தாள் கேட்பார்கள். படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

லேபிள் ஒட்டிச் சில்லறையில் விற்க நினைத்தால் எஃப்.டி.ஏ. (கானாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவு வேண்டும், தயாரிக்கும் இடத்தை வந்து பார்ப்பார்கள். பதிவு இல்லாமல் அச்சடித்த லேபிள் குழுவுக்கு வம்பு. மாவட்டத்தில், சிறுதொழிலுக்கு உதவும் அரசு அமைப்பான கானா எண்டர்பிரைசஸ் ஏஜென்சியின் வணிக ஆலோசனை மையம் இருக்கும், பதிவு விஷயத்தில் குழுவை அவர்களோடு கோத்துவிடுங்கள். அவர்கள் டிசம்பருக்குப் பிறகும் அங்கேதான் இருப்பார்கள்.

மதுரை_அக்ரி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி.

செக்கடி அண்ணா, கொழுப்பு அமிலச் சோதனையை நானே செய்ய முடியுமா? பி.எஸ்சி.யில் டைட்ரேஷன் செய்த நினைவு மட்டும் இருக்கிறது.

கணக்கு_வழக்கு சார், குழுவில் பூட்டுப்பெட்டிச் சேமிப்பு நடக்கிறதாம். பருப்பு மலிவாக இருக்கும் காலத்தில் வாங்கி வைக்கக் கையில் பணம் இருப்பதில்லை என்கிறார்கள். துறையில் சின்னதாக ஒரு தொகை தரத் தயார். அதைப் பெட்டியில் போடலாமா?

செக்கடி

தாராளமாகச் செய்யலாம், ஆனால் பல்கலைக்கழக ஆய்வகத்தில், அனுமதி வாங்கி. சோடியம் ஹைட்ராக்சைடைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உருக்கிய பட்டர் 5 கிராம், கூம்புக் குடுவையில். 50 மி.லி. எத்தனாலை இளஞ்சூடாக்கி, சில சொட்டு பினாப்தலீன் (நிறங்காட்டி) விட்டு, ஏற்கெனவே அதில் இருக்கும் அமிலம் தீரும்வரை காரத்தை ஒரு சொட்டு இரு சொட்டு விட்டு நடுநிலைப்படுத்திய பிறகுதான் பட்டரில் ஊற்ற வேண்டும். இந்தப் படியை விட்டால் எல்லா அளவும் கூடுதலாகக் காட்டும். பிறகு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பலமாகக் குலுக்குங்கள். இளஞ்சிவப்பு 30 வினாடி நின்றால் முடிவு. செலவான மி.லி. பெருக்கல் நார்மாலிட்டி பெருக்கல் 28.2, அதை எடையால் வகுத்தால் ஓலிக் அமிலக் கணக்கில் சதவீதம் கிடைக்கும். 5 கிராமுக்கு 1.8 மி.லி.க்குள் முடிந்தால் ஏறக்குறைய 1 சதவீதம், முதல் தரம். 5.3 மி.லி. என்றால் 3 சதவீதம். காரக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வலு குறையும், வாரம் ஒருமுறை தரப்படுத்துங்கள். பட்டர் உறைந்துபோனால் மறுபடி இளஞ்சூடாக்குங்கள், உறைந்த கட்டிக்குள் இருக்கும் அமிலம் கணக்கில் வராது.

மாதிரி எடுப்பதைச் சரியாகச் செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நடுவிலிருந்து, காய்ந்த கரண்டியால், காய்ந்த குப்பியில், தேதியோடு இரண்டு குப்பி. ஒன்றை அந்த வாரமே சோதியுங்கள், மற்றதை இருட்டில் வைத்து ஒரு மாதம் கழித்து. முதல் நாளே எண் அதிகம் என்றால் குற்றம் பருப்பில். முதல் நாள் குறைவாக இருந்து ஒரு மாதத்தில் ஏறினால் காய்ச்சியது போதவில்லை, தண்ணீர் தங்கியிருக்கிறது. எண் ஏறாமல் காறல் வாடை மட்டும் அடித்தால் பெராக்சைடு பார்க்க வேண்டும், வெயிலில் திறந்து வைத்திருப்பார்கள். இரண்டு சோதனையும் 1 சதவீதத்துக்குள் நின்றால், அடுத்த முறை வியாபாரி "தரம் சரியில்லை" எனும்போது மகஜியா அந்தத் தாளை எடுத்து நீட்டலாம்.

கணக்கு_வழக்கு

வெளிப் பணத்தைப் பெட்டியில் போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

அந்தப் பெட்டி முறை 1991-ல் நைஜரில் கேர் (CARE) என்ற தொண்டு அமைப்பு தொடங்கி ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். ஒவ்வொரு கூட்டத்திலும் ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வாங்கலாம், பாஸ்புக்கில் முத்திரை. சேமிப்பைப் போல மூன்று மடங்கு வரை கடன், பொதுவாக மூன்று மாதத்துக்குள் திருப்ப வேண்டும். 9 முதல் 12 மாதத்தில் பெட்டியைத் திறந்து மொத்தத்தையும் பங்குப்படி பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். நம் மகளிர் குழுவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், இங்கே வங்கிக் கடனும் மானியமும் பின்னால் வரும், அங்கே பெட்டிக்குள் இருப்பது முழுக்க அவர்கள் காசு. அதனால்தான் கடன் திரும்பி வருகிறது. வெளியிலிருந்து வந்த காசு உள்ளே விழுந்தால், "அது அந்தப் பெண் கொடுத்தது, திருப்பாவிட்டால் என்ன" என்ற பேச்சு வரும். அது சொந்தக் காசின் கடனையும் சேர்த்துக் கெடுக்கும்.

துறைப் பணத்தைத் தராசு, சணல் சாக்கு, மூட்டை தரையில் படாமல் வைக்க மரத் தட்டு, மூடியுள்ள காய்ச்சும் பாத்திரம் என்று பொருளாகக் கொடுங்கள். மில் தகட்டுக்கும் ஒதுக்கலாம், ஆனால் மில்காரர் தனியாள் என்றால் அவர் பாதி போட வேண்டும், குழுவுக்கு அரவைக்கூலி இத்தனை மாதம் ஏற்றக்கூடாது என்று மகஜியா முன்னிலையில் பேசி முடித்தபின் மட்டும்.

பருப்பு வாங்கும் பணத்துக்கு வழி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பிரிக்கும் மாதம் எது என்று கேளுங்கள். டிசம்பரில் பிரித்தால் அந்தக் காசு விழாச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விடும், ஜூனில் பருப்பு மலிவாக வரும்போது பெட்டி பாதி காலியாக இருக்கும். சுழற்சியை மே கடைசியில் முடிகிற மாதிரி மாற்றினால் சரியாக அந்த நேரத்துக்குக் கைக்குப் பணம் வரும். முழுவதையும் மாற்ற ஒப்பாவிட்டால், பட்டர் நோட்டில் தெரியும் மிச்சத்தில் மூட்டைக்கு 20 சேடி என்று தனிப் பையில் ஒதுக்கி, பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். 30 மூட்டை ஓடினால் 600 சேடி, நான் மேலே வைத்த விலைப்படி ஒரு மூட்டைக்கு மேல் வாங்கலாம். எது வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள்.

அதைப் பேச நவம்பர் கூட்டம் ஒன்று போதும். அதற்குள் நோட்டில் குறைந்தது பத்து மூட்டை வரியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த 20 சேடி எங்கிருந்து வரும் என்று மகஜியா கேட்பார், உங்களிடம் பதில் இருக்காது.